லைன் அக்காவின் நூற்று எண்பத்தேழாவது சீட்டு

அந்த ஆபீஸில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி யார் எந்தச் சொல்லைப் பார்க்கிறார்களோ அதுதான் அவர்களுக்குப் பெயர். ‘கட்’ என்ற சொல்லைப் பார்த்தவர் கட் மாமா. ‘செட்’ பார்த்தவர் செட்டம்மா. அவருடைய பல்லும் செட்டுதான். அதற்காக ஒன்றும் அந்தச் சொல் தன்னிடம் வரவில்லை என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். நம் கதைக்குரியவள் பார்த்த சொல் ‘லைன்’. ஆகவே லைன் அக்கா. இருபத்தாறு வயதில் ஒட்டிய பெயர். இப்போது ஐம்பத்தொன்பது ஆகிறது. ஆபீஸே இல்லாமல் போய்விட்டது, பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அவர்கள் போட்டது ஓர் அகராதி. சாதாரண அகராதி இல்லை. ஆங்கிலத்திலிருந்து விருந்தாளியாக வந்து, நம் பேச்சுக்குள் சட்டமாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்ட சொற்களுக்கு மட்டும் ஓர் அகராதி. அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ்காரன் என்ன அர்த்தம் வைத்திருக்கிறான் என்பது இவர்களுக்கு வேண்டாத கதை. நாம் என்ன அர்த்தத்தில் புழங்குகிறோம், அதுதான் வேண்டும். ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. நான்கு மேஜை, ஒரே ஒரு ஃபேன், சுவர் முழுக்க அடுக்கி வைத்த செருப்புப் பெட்டிகள். பெட்டிக்குள் உள்ளங்கை அகலச் சீட்டுகள். கீழேயிருந்து நாள் முழுவதும் ரப்பர் வாசனை ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது புது டயர் வாசனை மூக்கில் பட்டால் லைன் அக்காவுக்குக் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

அகராதியின் தலைமைத் தொகுப்பாளருக்கு இவர்கள் வைத்த பெயர் ஆதாரம் சார். மனுஷன் குட்மார்னிங் சொன்னால்கூட “ஆதாரம் எங்கே?” என்று கேட்பார் போலிருக்கும். அவர் போட்ட சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரும்பு. ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எழுத மூன்று வாய் வேண்டும். மூன்று வெவ்வேறு ஆட்கள் தாமாகப் பேசும்போது அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக் காதால் கேட்டிருக்க வேண்டும். ‘இதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று கேட்டு வாங்கியிருக்கக் கூடாது. கேட்ட அன்றைக்கே சீட்டில் எழுதிவிட வேண்டும், தேதி, இடம், சொன்னவரின் தொழில், வயது எல்லாம் போட்டு. அதுவும் பென்சிலால். பேனா காலத்தில் ஒரு தடவை யாரோ டீயைத் தட்டிவிட்டு ‘பாஸ்’ என்ற சொல் முழுக்க நீலக் குளமாகிப் போனதாம்.

‘பாயிண்ட்’ பார்த்த ஒருவர் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே நாற்பது சீட்டுகளைக் கற்பனையாக எழுதிக்கொண்டு வந்தார். ஆதாரம் சார் நாலு சீட்டைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னய்யா இது, பஸ் கண்டக்டர் இவ்வளவு அழகாப் பேசறான்? ஜனங்க இப்படிப் பேச மாட்டாங்கய்யா. அவங்களுக்கு வேலை இருக்கு.”

பாயிண்ட்காரர் அன்றைக்கே படியிறங்கிப் போனார். ஆதாரம் சார் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “பொய்ச் சீட்டு ஒண்ணு உள்ள வந்தா பெட்டியே பொய்” என்றார். அதை லைன் அக்கா சாகும்வரை மறக்கமாட்டாள். மறக்க முடியாதபடி தானே ஒரு காரியம் செய்துவைத்தாள், அது பிறகு வருகிறது.

லைன் என்பது என்ன லேசுப்பட்ட சொல்லா? பஸ் ஸ்டாப்பில் நிற்பதும் லைன், அங்கே நிற்கிற பெண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதும் லைன். போனும் லைன், கரண்டும் லைன், ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளும் லைன். அடங்காத பையன் ஒருநாள் அடங்கினால் லைனுக்கு வந்துட்டான். ஒரு மனுஷன் என்ன தொழில் செய்கிறான் என்று தெரிய வேண்டுமானால், “நீங்க எந்த லைன்ல இருக்கீங்க?” இப்படி நாற்பத்தோரு அர்த்தங்கள். அத்தனைக்கும் மும்மூன்று வாய் தேடி அவள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் விடிந்துவிடும். கரண்ட் ஆபீஸில் புகார் கொடுக்க வந்தவள் மாதிரி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். பைப் ரிப்பேர்காரரின் பின்னாலேயே மூன்று தெரு நடந்திருக்கிறாள், அவர் திரும்பிப் பார்த்து முறைக்கும்வரை. காதல் அர்த்தத்துக்கு மூன்றாவது வாய் கிடைக்காமல் ஒரு காலேஜ் பஸ் ஸ்டாப்பில் ஆறு நாள் தவம் கிடந்தாள். கடைசியில் ஒரு பெண் பிள்ளை தோழியிடம், “எத்தனை மாசமா லைன் அடிக்கிறான், இன்னும் பேரைக் கேக்க தைரியம் வரலை பாரு” என்று அலுத்துக்கொண்டபோது, போய்க் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது இவளுக்கு.

ஆனால் அலையாமலே கிடைத்த வாய் ஒன்று வீட்டிலேயே இருந்தது. அவள் புருஷன் சோப்புக் கம்பெனி விற்பனையாளர். மாதத்தில் பதினெட்டு நாள் கடை கடையாக வெளியூர் சுற்றுகிற வேலை. அவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே லைனுக்குப் போவது. உட்கார்ந்தால் லைன், எழுந்தால் லைன். கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிற எறும்பு போல இருந்தது லைன் அக்காவின் நிலைமை.

“இப்ப என்ன சொன்னீங்க?” என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள்.

“சட்டை எங்கேன்னு கேட்டேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“நாளைக்கு எந்த லைன்னே தெரியலைன்னு... அடிப்பாவி, எழுதறியா?”

கொஞ்ச நாளில் அவருக்கு இதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. வேண்டுமென்றே கதவோரம் நின்றுகொண்டு, “எழுதிக்கோ. லைன் வீட்டு லைன்மேன், லைன்ல நின்னு, லைனா நாலு லைன்...” என்று ஆரம்பிப்பார்.

“செல்லாது.”

“ஏன் செல்லாதாம்?”

“நீங்க வேணும்னு சொல்றீங்க. தானா வரணும்.”

“புருஷன் பேச்சு செல்லாதுன்னு எழுதி வச்சிருக்கற ஒரே ஆபீஸ் உலகத்துல உங்க ஆபீஸ்தான்” என்பார். பக்கத்தில் நிற்கிற மகளைத் தூக்கிக்கொண்டு, “பாப்பா, இந்த வீட்ல அப்பா மனுஷன் இல்ல, ஆதாரம்” என்பார். சின்னது ஒன்றும் புரியாமல் சிரிக்கும். அந்த நாட்களை நினைத்தால் லைன் அக்கா இப்போதும், எவ்வளவு நன்றாக இருந்தோம், அப்போது அது தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்லுவாள்.

மகளுக்கு ஆறு வயது ஆக இன்னும் சில வாரம் இருக்கும்போது அவர் போய்விட்டார். வெளியூரில் தங்கியிருந்த விடுதியில் காலையில் கதவைத் தட்டியிருக்கிறார்கள், திறக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். வயது முப்பத்தெட்டு. நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக நேரமில்லை.

மூன்று வாரம் கழித்து லைன் அக்கா வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த மாடியில் யாரும் ‘லைன்’ என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. போன் வந்தால் கட் மாமா, “லைன்ல...” என்று ஆரம்பித்து, விழுங்கி, “அப்படியே இருங்க, கூப்பிடறேன்” என்பார். ஆதாரம் சார் அந்தப் பெட்டிகளைத் தன் மேஜைக்கு மாற்றிவைத்துக்கொண்டு, “பைண்டிங் சரியில்ல, நான் பாத்துக்கறேன்” என்றார். செருப்புப் பெட்டிக்கு ஏது பைண்டிங்? நல்ல மனுஷர்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

மகள் எட்டு வயதில் ஒருநாள் கேட்டாள். “அப்பா எப்படிம்மா பேசுவார்?”

“நல்லாப் பேசுவார்.”

“அது இல்ல. எப்படி? பேசிக் காட்டு.”

லைன் அக்கா வாயைத் திறந்தாள். “பாப்பா...” என்று ஆரம்பித்தாள், வந்தது அவளுடைய குரல்தான். போட்டோ பதினாலு இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் சோப்பு விற்கிறவர் குரலை யார் ரெக்கார்ட் பண்ணி வைத்தார்கள்? பிள்ளை கொஞ்ச நேரம் அம்மா முகத்தையே பார்த்துவிட்டு, விளையாடப் போய்விட்டது. அதற்கு அப்பாவின் முகம் தெரியும், பேச்சு மறந்துவிட்டது. லைன் அக்காவுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த வருஷம் அகராதி அச்சாகி வந்தது. மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். சீட்டுகளையெல்லாம் காகித ஆலைக்கு ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் லைன் அக்கா ஆதாரம் சாரிடம் போய் நின்றாள். அந்த ஒரு விற்பனையாளரின் சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். “கொண்டு போங்கம்மா. எண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கொண்டு போங்க” என்றார்.

எண்ணினாள். நூற்று எண்பத்தாறு.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘அந்த லைன்ல நம்ம சோப்பு ஓட மாட்டேங்குது.’ ‘லைன்ல கரண்ட் இல்ல, மெழுகுவத்தி எங்கே?’ ‘பேங்க்ல லைன் தெருவரைக்கும் நிக்குது.’ இப்படியே நூற்று எண்பத்தாறும். மகளைப் பார்த்து, மகளுக்கென்று சொன்னது ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? அஞ்சு வயசுப் பிள்ளையிடம் யார் லைன் என்று பேசுவார்கள்? கொஞ்சின பேச்சையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, மெழுகுவத்தியை எழுதி வைத்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு செய்யக் கூடாததைச் செய்தாள். மிச்சமிருந்த வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். அதே பென்சில். அவர் ஊரில் இருந்த ஒரு தேதியைப் போட்டாள். விற்பனையாளர், 38 என்று எழுதினாள். ‘பாப்பா, அப்பா எந்த ஊர்ல இருந்தாலும் உன் லைன்லதான் இருப்பேன்.’

அடாடா! அந்த மனுஷர் இப்படிப் பேசுவாரா? சினிமாவில்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள். ஆனால் பெற்ற மனசுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? பிள்ளை கையில் கொடுத்தால் கசங்கும், தொலையும் என்று பயந்து, மைதா மாவில் பசை காய்ச்சி, ஒரு நீள நோட்டில் பக்கத்துக்கு ஆறாக எல்லாச் சீட்டையும் ஒட்டினாள். பொய்யை மூன்றாவது பக்கத்தின் நடுவில் ஒட்டினாள், சந்தேகம் வராத இடமாகப் பார்த்து.

மகள் மற்ற நூற்று எண்பத்தாறையும் ஒரு தடவை படித்தாள். மூன்றாவது பக்கத்தை மட்டும் வாழ்நாள் முழுக்கப் படித்தாள். பரீட்சைக்குப் போகுமுன் அந்தச் சீட்டை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அப்படியே. அந்த ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. லைன் அக்கா ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். ஒரு வருஷம் மறைத்த பொய்யை வேண்டுமானால் சொல்லிவிடலாம். பத்து வருஷம் சொல்லாததை எந்த வாயால் சொல்வது? இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது, பக்கத்துத் தெருவிலேயே தனிக்குடித்தனம்.

போன வியாழக்கிழமை ஒரு போன். அகராதிக்குப் புதுப் பதிப்பு வருகிறதாம், அதைப் பார்த்துக்கொள்கிற பையன் பேசினான். குரலிலேயே மரியாதை வழிந்தது.

“அம்மா, புத்தகத்தோட முதல் பக்கத்துல பழைய சீட்டு ஒண்ணைப் படமாப் போடறோம். அந்தக் காலத்துல எப்படி வேலை பாத்தாங்கன்னு தெரியட்டுமேன்னு. உங்க பொண்ணுதான் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம், ஆச்சரியமா இருக்கட்டும்னாங்க, எனக்குத்தான் வாய் நிக்கலை. என்ன ஒரு வரிம்மா! பாப்பா, அப்பா எந்த ஊர்ல...”

லைன் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“திங்கட்கிழமை அச்சுக்குப் போகுதும்மா” என்றான் அவன்.

விதியைப் பாருங்கள். பதினோரு வருஷத்தில் அந்த மாடியில் பெட்டிக்குள் போன சீட்டு நாற்பதாயிரம் இருக்கும். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து எழுதிய ஒரே ஒரு பொய், அது போய் முதல் பக்கத்தில் உட்காரப் போகிறது, ஆதாரம் சாரின் புத்தகத்தில். அந்த மனுஷர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. இருந்தால் இதைக் கேட்டே போயிருப்பார்.

வேண்டாம் என்று சொன்னால் மகள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அவளுக்கு அப்பாவே இல்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் பெட்டியே பொய். இரண்டு நாள் சாக்குகளை ஒத்திகை பார்த்தாள். குடும்ப விஷயம், வெளியே போக வேண்டாம் என்று சொல்லலாமா? எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லலாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரிதான் இருந்தது ஒவ்வொன்றும். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. போதும் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். லைன் அக்கா நோட்டை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். மூன்றாவது பக்கம் திறந்திருந்தது.

“அதுக்குள்ள சொல்லிட்டாரா அந்த ஆளு? ஓட்டைவாய்” என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள் மகள்.

“உக்காரு. ஒண்ணு சொல்லணும். அந்தச் சீட்டு அப்பா சொன்னது இல்ல.”

“என்னது?”

“நான் எழுதினது. அப்பா போய் மூணு வருஷத்துக்கு அப்புறம், இதே வீட்ல உக்காந்து எழுதினேன்.”

“அம்மா, விளையாடாதே.”

“விளையாடலை.”

மகள் உட்காரவில்லை. முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அது போகிற வழி தெரியாமல் நின்றது.

“ஒவ்வொரு பரீட்சைக்கும் இதைத் தொட்டுட்டுப் போனேனே. நீ பக்கத்துலதானே நின்னே?”

“நின்னேன்.”

“ஒரு தடவைகூட வாயத் திறக்கணும்னு தோணலையா உனக்கு?”

“தினம் தோணுச்சு.”

“அப்ப அப்பா எனக்குன்னு ஒண்ணுமே சொல்லலை. மெழுகுவத்தியும் சோப்பும்தான். அதானே?”

மகள் குனிந்து அந்தச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள். ஒரே இழு. பசை காய்ந்த சீட்டு பக்கத்தின் தோலையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னும் எங்கேயாவது அப்பா இருக்கிறாரா என்று தேடுகிற மாதிரி. பின்பக்கத்தில் பசைக் கறையைத் தவிர ஒன்றுமில்லை. மேஜைமேல் எறிந்தாள்.

எறிந்த சீட்டு குப்புற விழுந்தது. லைன் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்கறே?”

“பின்னாடி வெறுமையா இருக்கு.”

“இருந்தா என்ன?”

“இருக்கக் கூடாது” என்றாள் லைன் அக்கா. குரல் மாறிவிட்டது.

சீட்டின் முன்பக்கத்தில் சொல் வருகிற ஒரு வாக்கியம் மட்டும்தான் எழுதுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த ஆள் என்ன சொன்னார் என்பதைப் பின்பக்கத்தில் குறித்துவைப்பார்கள். முன்பின் என்று அதற்குப் பெயர். அர்த்தத்தில் தகராறு வந்தால் மட்டும் ஆதாரம் சார் திருப்பிப் பார்ப்பார். தகராறு வராத சீட்டை யாரும் திருப்பியதே இல்லை. அச்சுக்கும் அது போகாது. எழுதினவர்களே எழுதினதும் மறந்துவிடுவார்கள். ஒரு சொல்லுக்காகத் தீட்டி வைத்த காது, அந்தச் சொல் விழுந்ததும் வேலை முடிந்தது என்று மூடிக்கொள்ளும். கை மட்டும் பழக்கத்தில் மிச்சத்தை எழுதும். பொய்ச் சீட்டு எழுதியபோது முன்பின் எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை. மற்ற நூற்று எண்பத்தாறின் முன்பின்னையும் அவளே மைதா பசை தடவி, அழுத்தி, ஒட்டி வைத்திருந்தாள்.

“அட, முட்டாள் பொம்பளை!” என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். “பெரிய தாம்பாளத்தை எடு. தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு.”

“என்னம்மா பண்ணப் போறே?”

“பென்சில்டி. தண்ணி பட்டா போகாது.”

மகளுக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் கை வேலைக்கு வந்துவிட்டது. இரண்டு பேருமாக நோட்டைப் பக்கம் பக்கமாகக் கிழித்து ஊறப்போட்டார்கள். முதல் பக்கம் ஊறுகிற நேரத்தில் லைன் அக்கா அந்தப் பையனுக்குப் போன் போட்டாள்.

“அந்தச் சீட்டைப் போடாதீங்க தம்பி. அது பொய்ச் சீட்டு. நானே எழுதினது.”

“யாருக்கும்மா தெரியப்போகுது? அவ்வளவு அழகான வரி.”

“அழகா இருக்கறதாலதான் சொல்றேன். ஜனங்க அப்படிப் பேச மாட்டாங்க தம்பி, அவங்களுக்கு வேலை இருக்கு. எடுத்துடுங்க.” வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு சுவரில் தொங்குகிற ஆபீஸ் போட்டோவில் ஆதாரம் சாரை நேராகப் பார்க்கலாம் போல இருந்தது.

பசை இளகியது. சீட்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து எழும்பின. மகள் இரண்டு விரலால் எடுத்து, திருப்பி, பழைய செய்தித்தாளில் பரப்பினாள். எழுத்து இருந்தது! அம்மாவின் பொடிப் பொடியான அவசர எழுத்து, காய்ந்த பசைக்கு அடியில் அப்படியே இருந்தது.

மெழுகுவத்திச் சீட்டின் முதுகில்: ‘இருட்டுல நீ எங்கே இருக்கேன்னு தெரியற மாதிரி ஒரு தடவை இருமிக் காட்டேன், அதை வச்சு வர்றேன்.’ பேங்க் சீட்டின் முதுகில்: ‘முன்னாடி நின்ன ஆளு என் சட்டையில பிஸ்கட் துகள்னு சொல்றான். எம் பொண்ணு சாப்பிட்ட பிஸ்கட்டுன்னேன்.’ மகள் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். சோப்பு ஓடாத லைனின் முதுகில் மேனேஜரைத் திட்டியிருந்தார், வாயில் வைத்துச் சொல்ல முடியாத திட்டு. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா இப்படியெல்லாம் பேசுவாரா?” “வீட்ல மட்டும். கடையில வெண்ணெய்.”

மத்தியானமாகிவிட்டது. ஜன்னல், நாற்காலி, கட்டில் எல்லாம் ஈரச் சீட்டு. பதினோராவது பக்கத்தில் ஒரு சீட்டு கடைசிவரை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம், வீட்டு போனில் மேனேஜரிடம் பேசியது: ‘நாளைக்கு லைன் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குத்தான் சார்.’ அந்த அர்த்தத்துக்கு அதற்குள் ஏழெட்டு வாய் சேர்ந்துவிட்டதால் ஆபீஸில் யாரும் சட்டை பண்ணாத சீட்டு. தேதி அவர் போவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால். மகள் மெல்ல உரித்துத் திருப்பினாள். படித்தாள். அப்புறம் அம்மாவிடம் நீட்டினாள்.

‘மீட்டிங்குக்கு வேற ஆளைப் பாருங்க சார். எம் பொண்ணுக்கு முன்பல்லு ஆடுது. நான் வர்றதுக்குள்ள விழக் கூடாதுன்னு பல்லுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாள் தள்ளினா அது கேக்காது சார்.’

லைன் அக்கா நின்றபடியே படித்தாள். சொந்தக் கையெழுத்து. சொந்தக் காதால் கேட்டது. அன்றைக்கு லைன் என்று விழுந்ததும் பென்சிலை எடுத்தவள், இந்தப் பல்லைக் கேட்கவே இல்லை.

“வந்தாராம்மா?” என்றாள் மகள்.

“வந்தார். ரெண்டு நாள் லீவைப் போட்டுட்டு உன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். விழலை. மூணாம் நாள் பையைத் தூக்கிட்டுக் கிளம்பறார், அப்பத்தான் விழுந்தது.”

மகள் அழுதாள். லைன் அக்காவும் அழுதாள். வெட்கப்படாமல், சத்தமாகத்தான் அழுதார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு? கொஞ்ச நேரம் கழித்து மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“எப்படிச் சொன்னார்?”

“அதான் எழுதியிருக்கே.”

“எழுதினது இல்லம்மா. எப்படிச் சொன்னார்? சொல்லிக் காட்டு.”

லைன் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் போன் பேசும்போது ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடுவார். அவளும் தலையைச் சாய்த்துக்கொண்டாள், கழுத்துப் பக்கம் இல்லாத பொத்தானைத் தேடினாள். ‘சார்’ என்பதை அவர் நீட்டுவார், பாதி பணிவு, பாதி கேலி. “மீட்டிங்குக்கு வேற ஆளைப் பாருங்க சாஆர்” என்று ஆரம்பித்தாள். குரல் முதலில் கரகரத்தது. பல்லுக்கு வந்தபோது சரியாகிவிட்டது.

மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.